எதிரொலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

காரைக்கால் வானிலை ரேடாரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அதன் கிண்ணம் சுழன்று சுழன்று மேகத்தைத் தேடுகிறது என்று ஒரே வரியில் திசை விவகாரத்தை முடித்துவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. சுழலாத ரேடார்கள் திசையை எப்படி அறிகின்றன என்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் சாரம். ஒன்றுக்கு எழுதும் பதில் மற்றொன்றுக்கும் தேவைப்படுவதால், இம்முறை பக்கங்கள் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் விசைப்படகின் மேல் உள்ள ரேடார் சுழன்றுகொண்டே இருக்கிறது. அது எந்தப் பக்கம் பார்க்கும்போது எதிரொலி வந்ததோ, அந்தப் பக்கத்தில் கப்பல் இருக்கிறது என்பது புரிகிறது. ஆனால் என் மைத்துனர் புதிதாக வாங்கிய காரின் முன்புறத்தில் இருக்கும் ரேடார் உள்ளங்கை அளவுகூட இல்லை. அதில் சுழல்வதும் எதுவும் இல்லை. முன்னே போகும் லாரி இடப்புறமா வலப்புறமா என்று அதற்கு எப்படித் தெரியும்? (விசைப்படகு உரிமையாளர், கடலூர் முதுநகர்)

பதில்: உங்கள் படகின் ரேடாரிலிருந்தே தொடங்கலாம். படகுகளில் பெரும்பாலும் இருப்பது 9.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்ணில் இயங்கும் ரேடார். அதன் அலைநீளம் ஏறத்தாழ 3.2 சென்டிமீட்டர். நான்கு அடி நீளமுள்ள ஆன்டெனா அந்த அலையை ஏறத்தாழ 2 பாகை அகலமுள்ள மெல்லிய கற்றையாகக் குவிக்கிறது. எதிரொலி வந்த நொடியில் கற்றை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதை, ஆன்டெனாவைச் சுழற்றும் தண்டின் கோணமே சொல்லிவிடுகிறது.

கார் ரேடாரில் தண்டு இல்லாததால், திசையை அலையிடமிருந்தே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. இதற்குக் கடலையே உதாரணமாகக் கொள்கிறேன். தேவனாம்பட்டினத்துக்கு எதிரே, கரைக்கு இணையாக, சம இடைவெளி விட்டு எட்டு ஃபைபர் படகுகளை நங்கூரமிட்டு நிறுத்தியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நேர் கிழக்கிலிருந்து வரும் அலை எட்டுப் படகுகளையும் ஒரே நேரத்தில் தூக்கி இறக்கும். தென்கிழக்கிலிருந்து சாய்வாக வரும் அலையோ தெற்கு ஓரத்துப் படகை முதலில் தூக்கும், பிறகு அதற்கு அடுத்ததை, பிறகு அதற்கும் அடுத்ததை என்று அந்த ஏற்றம் வடக்கு ஓரம் வரை நகர்ந்துகொண்டே போகும். படகுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அலை வரும் பக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஒரு படகு எழுந்து எவ்வளவு நேரம் கழித்து அடுத்த படகு எழுகிறது என்பதிலிருந்து சாய்வைக் கணக்கிட்டுவிடலாம்.

காரின் ரேடாரில் படகுகளின் இடத்தில் சிறு ஆன்டெனாக்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அது 77 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் அலைநீளம் 3.9 மில்லிமீட்டர்தான், அடுத்தடுத்த ஆன்டெனாக்களின் இடைவெளி பொதுவாக அதில் பாதி, அதாவது 1.95 மில்லிமீட்டர். லாரி நேர் எதிரே இருந்தால் எதிரொலி எல்லா ஆன்டெனாக்களையும் சேர்ந்தே அடையும். அது 30 பாகை விலகி இருந்தால், அடுத்த ஆன்டெனாவை அடைய எதிரொலி 0.97 மில்லிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டும். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் லட்சம் கோடிப் பங்கில் மூன்றே பங்கு. இந்த நேரத்தைக் கடிகாரம் வைத்து அளப்பது நடக்காத காரியம் என்பதால், அலையின் கட்டத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அளக்கிறார்கள். ஒரு முழு அலை 360 பாகைக் கட்டம், 0.97 மில்லிமீட்டர் என்பது கால் அலை. ஆகவே இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையே 90 பாகைக் கட்ட வேறுபாடு தெரியும். அந்த 90-ஐப் பார்த்ததும் கணிப்பொறி லாரி 30 பாகையில் இருப்பதாகச் சொல்லிவிடும்.

இந்தக் கணக்கில் ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. நேர் எதிரே இருக்கும் பொருள் ஒரு பாகை நகர்ந்தால் கட்டம் 3 பாகைக்குச் சற்று மேல் மாறுகிறது. 60 பாகை விலகி இருக்கும் பொருள் அதே ஒரு பாகை நகர்ந்தால் அதில் பாதிதான் மாறுகிறது. எனவே இப்படிப்பட்ட ரேடார் தனக்கு நேர் எதிரே கூர்மையாகவும் ஓரங்களில் மங்கலாகவும் பார்க்கிறது. காருக்கு நான்கு மூலைகளிலும் தனித்தனி ரேடார் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஆன்டெனாக்களின் இடைவெளி ஏன் அரை அலைநீளமாக இருக்க வேண்டும்? தள்ளித் தள்ளி வைத்தால் தாமதம் பெரிதாகி, அளப்பது எளிதாகாதா? (பள்ளி ஆசிரியை, நெல்லிக்குப்பம்)

பதில்: தாமதம் பெரிதாகும் என்பது சரி. ஆனால் மேலே சொன்ன படகுகளை மிகவும் தள்ளித் தள்ளி நிறுத்தினால், இரண்டாவது படகைத் தூக்கும் அலை முதல் படகைத் தூக்கிய அதே அலைதானா, அல்லது அதற்கு முன்பு வந்ததா என்று சொல்ல முடியாமல் போய்விடும். கட்டம் 360 பாகையைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடுவதே இதற்குக் காரணம். இடைவெளி 2 அலைநீளமாக இருந்தால், நேர் எதிரே இருக்கும் பொருளும் 30 பாகை வலப்புறத்தில் இருப்பதும் 30 பாகை இடப்புறத்தில் இருப்பதும் அச்சு அசலாக ஒரே கட்ட வேறுபாட்டையே தரும். அரை அலைநீளத்துக்குள் இருந்தால் மட்டுமே ஒரு கட்டத்துக்கு ஒரு திசை என்ற உறுதி கிடைக்கிறது.

ஆயினும் எல்லா இடைவெளிகளும் சமமாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் மாணவர்களிடம் ஒரு புதிராகவே கேட்டுப் பார்க்கலாம்: ஓர் அளவுகோலில் நான்கே நான்கு கோடுகள் போட்டு, 1 முதல் 6 வரை எல்லா நீளங்களையும் அளக்க முடியுமா? 0, 1, 4, 6 ஆகிய இடங்களில் கோடு போட்டால் முடியும். அரை அலைநீளத்தை ஓர் அலகாகக் கொண்டு நான்கு ஆன்டெனாக்களை இதே இடங்களில் நிறுத்தினால், சிறிய இடைவெளி குழப்பத்தைத் தீர்க்கிறது, பெரிய இடைவெளி கூர்மையைத் தருகிறது.

கேள்வி: கல்லூரித் திட்டப்பணிக்காக 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் பலகை ஒன்றைப் பயன்படுத்துகிறோம். அதில் அலை அனுப்பும் ஆன்டெனாக்கள் 2, வாங்கும் ஆன்டெனாக்கள் 4. மைதானத்தில் 5 மீட்டர் தூரத்தில் தோழியர் இருவரை அரை மீட்டர் இடைவெளியில் அசையாமல் நிற்க வைத்து அளந்தோம். ஃபூரியே முறையில் இருவரும் ஒரே புள்ளியாகத் தெரிந்தார்கள். மியூசிக் (MUSIC) என்னும் திசைக் கணிப்பு முறை இருவரையும் பிரித்துக் காட்டும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. எங்களுக்கோ சில நேரம் ஒரு முகடு, சில நேரம் மூன்று முகடுகள். போதாக்குறைக்கு, ஒருவர் மட்டும் நேர் எதிரே நின்றாலும் 4 பாகை இடப்புறமாகக் காட்டுகிறது. எங்கே தவறு செய்கிறோம்? (பொறியியல் மாணவி, புதுச்சேரி)

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது சரியாகாமல் மற்றவை சரியாகா. நானும் இதில் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டு ஆன்டெனாக்களை மொட்டை மாடியில் வைத்துத் திசையளக்க முயன்றேன். நேர் எதிரே வைத்த கருவி எப்போதும் 14 பாகை தள்ளியே தெரிந்தது. இரண்டு நாட்கள் நிரலைக் குடைந்து பார்த்த பிறகுதான் கேபிள்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. ஒன்று மற்றதைவிட ஒரு சென்டிமீட்டர் நீளமாக இருந்தது. கேபிளுக்குள் அலை மெதுவாகப் போவதால் அங்கே அலைநீளம் 8 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் கூடினால் கட்டம் 44 பாகை பிசகும். அரை அலைநீள இடைவெளியில் அது 14 பாகைத் திசைப் பிழையாகிறது. ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் உள்ள வேறுபாடு கணிப்பொறிக்குத் தெரியாது. எங்கே தாமதம் ஆனாலும் அது திசை என்றே எடுத்துக்கொள்ளும்.

உங்கள் பலகையில் கேபிள் இல்லாவிட்டாலும், செப்புத் தடங்களிலும் சில்லின் உள்ளேயும் இதே வகைச் சிறு வேறுபாடுகள் உண்டு. முதலில் பிழை மின்சுற்றில் உள்ளதா, ஸ்டாண்டில் பலகையைக் கோணலாக மாட்டியதால் வந்ததா என்று பிரித்தறியுங்கள். பலகையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி, அதே அளவீட்டை மீண்டும் எடுங்கள். திரையில் பிழை இடப்புறமே நின்றால் அது மின்சுற்றின் பிழை. வலப்புறத்துக்குத் தாவினால் ஸ்டாண்டின் பிழை. மின்சுற்றின் பிழையாக இருந்தால், மூன்று உலோகத் தகடுகளைச் செங்கோணத்தில் சேர்த்துச் செய்த மூலைப் பிரதிபலிப்பானைச் சில மீட்டர் தூரத்தில் நேர் எதிரே வைத்து, ஒவ்வொரு ஆன்டெனாவும் காட்டும் கட்டத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு எடுக்கும் எல்லா அளவீடுகளிலிருந்தும் அதைக் கழித்துவிடுங்கள். அந்த நேரத்தில் அருகே சுவரோ, நிறுத்தி வைத்த இருசக்கர வாகனங்களோ இருக்கக்கூடாது.

இனி, இருவர் ஒருவராகத் தெரிந்த கதை. 2 ஆன்டெனாக்கள் அனுப்பி 4 ஆன்டெனாக்கள் வாங்கும்போது, ஒவ்வோர் எதிரொலியின் கட்டத்திலும் போகும் வழியின் சாய்வும் வரும் வழியின் சாய்வும் கூட்டிச் சேர்கின்றன. வாங்கும் ஆன்டெனாக்கள் 0, 1, 2, 3 என்ற இடங்களிலும் அனுப்புபவை 0, 4 என்ற இடங்களிலும் இருந்தால், கூட்டல் கணக்கில் 0 முதல் 7 வரை எட்டு இடங்கள் கிடைக்கின்றன. உண்மையில் ஆறே ஆன்டெனாக்கள். ஆனால் எட்டு வாங்கும் ஆன்டெனாக்கள் இருப்பதைப் போன்ற பலன். இதைத்தான் மைமோ ரேடார் என்கிறார்கள். கற்பனை ஆன்டெனாக்கள் எட்டானாலும், அரை அலைநீள இடைவெளியில் எட்டு இருந்தால் பிரிதிறன், அதாவது இரண்டு பொருள்களை வெவ்வேறாகக் காட்டத் தேவையான குறைந்தபட்சக் கோணம், ஏறத்தாழ 14 பாகைதான். 5 மீட்டர் தூரத்தில் அது 1.25 மீட்டர். உங்கள் தோழியர் அரை மீட்டர் இடைவெளியில், அதாவது 6 பாகைக்கும் குறைவான கோணத்தில் நின்றிருக்கிறார்கள். ஃபூரியே முறை அவர்களை ஒன்றாகக் காட்டியது அதன் குற்றமாகாது. ஒருவர் அரை அடி பின்னால் நகர்ந்து நின்றிருந்தால் தூரத்தை வைத்தே பிரிந்திருப்பார்கள். 4 கிகாஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில் தூரப் பிரிதிறன் 4 சென்டிமீட்டருக்கும் குறைவு. திசையை வைத்து மட்டுமே பிரிக்க வேண்டிய நிலைமை நடைமுறையில் அடிக்கடி வருவதில்லை என்பதையும் உங்கள் அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள்.

மியூசிக் முறை இந்த எல்லையைத் தாண்டுவது உண்மைதான். ஒவ்வொரு திசைக்கும் எட்டு ஆன்டெனாக்களில் ஒரு குறிப்பிட்ட கட்ட வரிசை உண்டு. அதை அத்திசையின் கையெழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். பல அளவீடுகளைக் கொண்டு, ஆன்டெனாக்களின் பதிவுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எட்டுக்கு எட்டு ஒட்டுறவு அணியை அமைத்து, அதன் ஐகன் வெக்டர்களை, அதாவது அந்த அணியைப் பிரித்தால் கிடைக்கும் ஒன்றுக்கொன்று செங்குத்தான அடிப்படை வரிசைகளைக் கண்டால், பெரிய ஐகன் மதிப்புடைய சில வெக்டர்கள் எதிரொலிக்கும், மற்றவை வெறும் இரைச்சலுக்கும் உரியவையாகப் பிரிந்து நிற்கும். உண்மையில் பொருள் இருக்கும் திசையின் கையெழுத்து இரைச்சல் வெக்டர்கள் எல்லாவற்றுக்கும் செங்குத்தாக இருக்கும். கோணம் கோணமாகத் தேடிச் சென்று, செங்குத்தாக அமையும் இடங்களில் முகடு வரைகிறார்கள். முகட்டின் உயரம் செங்குத்துத் தன்மையின் அளவே தவிர எதிரொலியின் வலிமை அல்ல. உயரமான முகட்டைப் பெரிய பொருள் என்று எழுதிவிடாதீர்கள்.

இந்த முறை கேட்கும் விலை ஒன்று உண்டு: இரண்டு எதிரொலிகளும் ஒன்றையொன்று சாராமல் மாறிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் தோழியர் இருவரும் ஒரே அலையைத்தான் திருப்பி அனுப்புகிறார்கள், அசையாமலும் நிற்கிறார்கள். ஆகவே இரண்டு எதிரொலிகளுக்கும் இடையிலான கட்டம் அளவீட்டுக்கு அளவீடு மாறாமல் நிற்கிறது. பிளஸ் டூ ஒளியியலில் படித்த ஓரியல் மூலங்கள் இவைதான். ஆயிரம் அளவீடுகள் எடுத்தாலும் அந்த இரண்டு கையெழுத்துகளின் ஒரே கலவைதான் திரும்பத் திரும்பக் கிடைக்கும். பெரிய ஐகன் மதிப்பு ஒன்றுதான் இருக்கும். ஒரு முகடு வந்தது இதனால்தான்.

இதற்கு வழக்கமான மருந்து, எட்டு ஆன்டெனாக்களை 1 முதல் 6, 2 முதல் 7, 3 முதல் 8 என்று மூன்று குழுக்களாக்கி, அவற்றின் அணிகளைச் சராசரி எடுப்பது. குழுவுக்குக் குழு இரண்டு எதிரொலிகளின் கட்டமும் வெவ்வேறு அளவில் நகர்வதால், ஓரியல் உறவு தளர்ந்துவிடும்; ஆனால் வரிசையின் நீளம் எட்டிலிருந்து ஆறாகச் சுருங்கும். எனக்குப் பிடித்த வழி வேறு. நிற்பவர்கள் சிலைகள் அல்லர், மூச்சு விடுகிறார்கள். மூச்சில் மார்பு சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் போகிறது. இந்த அலைநீளத்தில் ஒரு மில்லிமீட்டர் அசைவே எதிரொலியின் கட்டத்தை அரைச் சுற்று புரட்டிவிடும். இருவரின் மூச்சும் ஒரே தாளத்தில் போவதில்லை. ஒரு நொடியின் சிறு பகுதியில் எடுத்த அளவீடுகளுக்குப் பதிலாகப் பத்துப் பதினைந்து நொடிகள் பரவலாக அளவீடுகளை எடுத்தால், அந்த மூச்சே ஓரியல் உறவைப் பெருமளவு உடைத்துத் தரும். இரண்டு வழிகளையும் செய்து பார்த்து ஒப்பிடுங்கள்.

மூன்று முகடுகள் வந்த நாளில், எத்தனை பொருள்கள் என்று நிரலுக்கு நீங்கள் கொடுத்த எண் என்ன என்று பாருங்கள். மூன்று என்று கொடுத்தால் இரைச்சலிலிருந்தாவது ஒன்றைத் தேடிப்பிடித்து மூன்றாகக் காட்டவே அது முயலும். எண்ணைக் கொடுக்கும் முன் எட்டு ஐகன் மதிப்புகளையும் அச்சிட்டுப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். எங்கே சட்டென்று இறங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். இரண்டு என்று கொடுத்தும் இடம் மாறிய முகடு வந்தால் சுற்றுச்சுவரிலோ தரையிலோ பட்டு வரும் எதிரொலியைச் சந்தேகியுங்கள்.

அடுத்த கட்டமாக அவர்களை நடக்கவைப்பீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு அனுப்பும் ஆன்டெனாக்களும் முறை வைத்து அனுப்புகின்றன. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே பொருள் நகர்ந்துவிட்டால், அந்த நகர்வும் கட்டத்தில் சேர்ந்து திசையைப் போல நடிக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் 50 மைக்ரோநொடியில் அரை மில்லிமீட்டர் நகரும். போகும் வழியும் வரும் வழியும் சேர்ந்து 92 பாகைக் கட்டம் மாறிவிடும். நடப்பவரிடம் இது சிறிதுதான், ஆனாலும் டாப்ளர் மாற்றத்திலிருந்து (பொருளின் நகர்வால் எதிரொலியின் அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றம்) வேகத்தைக் கண்டு முதலில் அதைக் கழித்த பிறகே எட்டு ஆன்டெனாக்களையும் ஒரு வரிசையாகச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: கடலூரில் கடற்கரையோரம் ரேடார் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அங்கே கிண்ணமும் இல்லை, சுழல்வதும் இல்லை, கம்பங்கள்தாம் நிற்கின்றன. அது மீன் இருக்கும் திசையைக் கண்டுபிடிக்கிறது என்று எங்கள் ஊரில் பேச்சு. உண்மையா? (மீனவர், சிங்காரத்தோப்பு)

பதில்: மீனை அது பார்ப்பதில்லை. கடலின் மேற்பரப்பு நீரோட்டத்தை அளக்கிறது. தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இந்தியக் கடற்கரையில் ஐந்து இடங்களில் இணை இணையாக நிறுவிய பத்து ரேடார்களில், தமிழ்நாட்டுக்கு உரிய இணை கடலூரிலும் கல்பாக்கத்திலும் உள்ளது. அந்தத் தரவுகள் ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்துக்குச் செல்கின்றன. மீன் கூடும் இடங்களைப் பற்றிய அறிவிப்பையும் அதே மையம்தான் வெளியிடுகிறது. அது செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்துச் செய்யப்படுவது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதால் உங்கள் ஊர்ப் பேச்சு பிறந்திருக்கலாம்.

இந்த ரேடார் 4.4 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகிறது. அலைநீளம் 68 மீட்டர். அதில் சரிபாதியான 34 மீட்டர் நீளமுள்ள கடல் அலைகள் திருப்பியனுப்பும் எதிரொலிகள் ஒன்றோடொன்று கூடி வலுப்பெறுகின்றன. அத்தனை நீளமுள்ள அலை ஆழ்கடலில் நொடிக்கு ஏறத்தாழ 7.3 மீட்டர் வேகத்தில் போகும் என்பது இயற்பியல் விதி. டாப்ளர் மாற்றத்தில் அதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ வேகம் தெரிந்தால், அந்த மிச்சம் அலையைச் சுமந்துசெல்லும் நீரோட்டத்தின் வேகம்.

வேகம் கிடைத்துவிட்டது; அது எந்தத் திசையில் உள்ள நீர்? முதல் பதிலில் சொன்ன எட்டுப் படகு வரிசையை இங்கே அமைக்க வேண்டுமென்றால், 34 மீட்டருக்கு ஒன்றாக ஏறத்தாழ 240 மீட்டர் நீளக் கடற்கரை தேவைப்படும். நம் கரையில் வலை காயப் போடவே இடம் தேட வேண்டியிருக்கும்போது அது ஆகிற காரியமா? எனவே ஒரே கம்பத்தில் மூன்று ஆன்டெனாக்களை வைத்திருக்கிறார்கள்: குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வளையங்கள், நடுவே ஒரு செங்குத்துக் கம்பி. வளையம் ஒரு திசையிலிருந்து வரும் அலையை வலுவாகவும், அதற்குச் செங்குத்தான திசையிலிருந்து வருவதை மிக மெலிதாகவும் வாங்கும். இரண்டு வளையங்களின் வலிமை விகிதம் திசையைச் சொல்கிறது; அது முன்புறமா பின்புறமா என்ற ஐயத்தைக் கம்பி தீர்க்கிறது. கப்பல்களில் வானொலித் திசைகாட்டியாக நூறாண்டுக்கு முன்பே இருந்த உத்திதான் இது. அதன் மேல் மாணவிக்கு விளக்கிய மியூசிக் முறையை ஏற்றியிருக்கிறார்கள். மூன்றே ஆன்டெனாக்கள் இருப்பதால், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு அதிகபட்சம் இரண்டு திசைகளைத்தான் அதனால் தர முடியும்.

ஒரு ரேடாருக்குத் தெரிவது நீர் தன்னை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பது மட்டுமே. நீரோட்டத்தை அதன் திசையை வைத்து நீங்கள் வன்னி என்றும் தெண்டி என்றும் பிரித்துச் சொல்வதைக் கரையில் ஒரே இடத்தில் நின்று அதனால் முழுமையாகச் சொல்ல இயலாது. கடலூர் ஒரு பக்கத்திலிருந்தும் கல்பாக்கம் மறு பக்கத்திலிருந்தும் அதே நீரைப் பார்க்கும்போதுதான் ஓட்டத்தின் முழுத் திசையும் கிடைக்கிறது.

இதில் நான் பெரிதாக மதிப்பது சூத்திரத்தையன்று, படகை. ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் இரும்பு வேலியோ மின்கம்பியோ கட்டடமோ இருந்தால் வளையங்களின் இயல்பு வளைந்துவிடும். திசையில் பத்துப் பாகைக்கும் மேல் பிழை வருவதுண்டு. 100 கிலோமீட்டர் தூரத்தில் பத்துப் பாகை என்பது 17 கிலோமீட்டர். எனவே சிறு அலைபரப்பி ஒன்றைப் படகில் வைத்து, ஆன்டெனாவை மையமாகக் கொண்டு கடலில் அரைவட்டமாக மெதுவாகச் சென்று, ஒவ்வொரு கோணத்திலும் மூன்று ஆன்டெனாக்களும் என்ன காட்டுகின்றன என்று பதிவு செய்வதே இவ்வகை ரேடாரைச் சரிபார்க்கும் முறை. என்றாவது ஒரு படகு காரணமில்லாமல் கரையைச் சுற்றி வளைந்து போவதைக் கண்டால், மீன் தேடுகிறது என்று மட்டும் எண்ண வேண்டாம்.

கேள்வி: மைமோவைக் கண்டுபிடித்தவர் தமிழர் என்று படித்தேன். ரேடாரிலும் அவர் பங்கு உண்டா? (வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜைக் குறிப்பிடுகிறீர்கள். இந்தியக் கடற்படையில் பணியாற்றி, அப்சோ என்ற சோனார் கருவியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். சோனாரும் ஒலிவாங்கிகளின் வரிசையை வைத்துத் திசை தேடும் கருவிதான் என்பதால், இந்தக் கணக்கு அவருக்குக் கடலுக்கடியிலேயே பழகியிருந்தது. பிறகு ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ராய், தாமஸ் கைலாத் ஆகியோருடன் சேர்ந்து எஸ்பிரிட் என்னும் திசைக் கணிப்பு முறையை 1980-களின் நடுவில் உருவாக்கினார். கோணம் கோணமாகத் தேடாமல், ஒரே மாதிரியான இரண்டு ஆன்டெனாக் குழுக்களின் கட்ட வேறுபாட்டிலிருந்து திசையை நேரடியாகக் கணக்கிடும் முறை அது. கைலாத்துடன் சேர்ந்து அவர் பெற்ற மைமோ காப்புரிமை 1994-இல் வந்தது. அது தகவல் தொடர்புக்கானது. மைமோ ரேடார் என்ற பெயரும் ஆய்வும் 2000-க்குப் பிறகு வேறு பலரின் உழைப்பில் வளர்ந்தவை. மியூசிக் முறை ரால்ஃப் ஷ்மிட் 1979-இல் முன்வைத்தது.

நம் நாட்டவர் என்ற வகையில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எந்த முறையைக் கையாண்டாலும், இரைச்சலுக்கு நடுவே ஒரு கணிப்பின் பிழை எந்த அளவுக்குக் கீழே இறங்கவே முடியாது என்ற எல்லையை சி. ஆர். ராவ் 1945-இல் எழுதினார். கிராமர்–ராவ் எல்லை என்ற பெயரில் எல்லாத் திசைக் கணிப்புக் கட்டுரைகளிலும் அது அளவுகோலாக நிற்கிறது. அந்த எல்லையின்படி, சம இடைவெளியில் ஆன்டெனாக்களை இரட்டிப்பாக்கினால் பிழை பாதியாவதோடு நிற்காமல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு அருகே இறங்கும்.

கேள்வி: இதை வீட்டில் செய்து பார்க்க முடியுமா? (பத்தாம் வகுப்பு மாணவர், பண்ருட்டி)

பதில்: ரேடார் வேண்டாம், ஒலியை வைத்துச் செய்யுங்கள். ஒரே ஸ்டீரியோ பதிவில் சேரும் இரண்டு கிளிப் மைக்குகளை ஒரு மரச்சட்டத்தில் 8.5 சென்டிமீட்டர் இடைவெளியில் பொருத்தி, எதிரே சில மீட்டர் தள்ளி ஒரு கைபேசியில் 2000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிடுங்கள். அறைக்குள் செய்தால் சுவரில் பட்டு வரும் ஒலி குழப்பும்; மொட்டை மாடியில், காற்று அடங்கிய நேரத்தில் செய்யுங்கள். நொடிக்கு 48,000 முறை பதிவு செய்தால், ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒலி 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் போகும்; ஆகவே ஓரத்திலிருந்து வரும் ஒலிக்கு இரண்டு மைக்குகளுக்கும் இடையே 12 பதிவுகள் வரை தாமதம் தெரியும். இரண்டு அலைவடிவங்களையும் திரையில் பெரிதாக்கி, முகட்டுக்கு முகடு எண்ணினாலே போதும். இடைவெளியை மைக்கின் உறையிலிருந்து அளக்காமல் துளையிலிருந்து துளைக்கு அளந்துகொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் ஒலியின் வேகம் 340 என்றோ 343 என்றோ இருக்கும். பண்ருட்டியில் 35 டிகிரி செல்சியஸ் வெயிலில் செய்தால் நொடிக்கு 352 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுங்கள்.